எந்தப் பிரிவில் சேர்ப்பது?
பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு பெற்றோர் அமர்ந்து பேச வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "மதிப்பெண் எத்தனை?" என்பது முதற் கேள்வி. அதற்கு விடை கிடைத்த மறுநொடியே, "எந்த குரூப்?" என்னும் இரண்டாவது கேள்வி வந்து நிற்கிறது. இந்த இரண்டாவது கேள்வி பெரும்பாலும் பிள்ளையிடம் கேட்கப்படுவதில்லை. தந்தையிடம் கேட்கிறார்கள், தாய்மாமனிடம் கேட்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் கேளாமலேயே தம் கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு ஆண்டுகள் அப்பாடங்களைச் சுமக்கவேண்டிய பிள்ளையோ, ஓரமாய் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கவும் இடம் பெறவும் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. அந்தச் சில நாள்களின் அவசரத்திலே அச்சமும் ஆசையும் போட்டியும் சேர்ந்து முடிவு செய்துவிடுகின்றன. "எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும், முதற் பிரிவையே எடு" என்கிறார் ஒருவர். "மதிப்பெண் குறைவு, அறிவியலே வேண்டாம்" என்கிறார் மற்றொருவர். இரண்டுமே பிள்ளையைப் பாராமல் சொல்லப்படும் சொற்கள். எந்தப் பாடத்தை விட்டால் எந்தக் கதவு மெய்யாகவே அடைபடும், எது அடைபடாது என்பதைப் பெற்றோர் முதலில் தெளிவாக அறிந்துகொண்டால், அச்சம் பாதி விலகும். மீதிப் பாதியைப் பிள்ளையை அருகிருந்து கவனிப்பதால் விலக்கலாம். இவ்விரண்டையும் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

பிரிவுகள் எவை?

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்னர் மாணவர்கள் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை முடித்து, கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் பயின்றார்கள். நம் தாத்தாமார் "பி.யூ.சி." என்று இன்றும் குறிப்பிடுவது அதனையே. அன்று கல்லூரி வாசலில் எடுத்த முடிவை, இன்று பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளியிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே துணைநிற்கும் கடமை பெற்றோருக்கு முன்னினும் மிகுதி.

மேல்நிலை வகுப்பில் தமிழ், ஆங்கிலம் தவிர நான்கு பாடங்கள். பாடத்திற்கு 100 வீதம் மொத்தம் 600 மதிப்பெண். அறிவியலில் பெரும்பாலான பள்ளிகளில் காணும் பிரிவுகள் மூன்று. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது ஒன்று. இதனையே நம் மக்கள் "பர்ஸ்ட் குரூப்" என்கிறார்கள். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் அமைந்தது மற்றொன்று. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று கணிதமின்றி அமைந்தது மூன்றாவது. இவையன்றி வணிகவியல், கலைப் பிரிவுகளும் தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இருப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எந்தக் கதவுக்கு எந்தத் திறவுகோல்?

முதலாவது, கணிதம். பொறியியற் படிப்புக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் தேவை. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 க்குத் தரவரிசை கணிக்கப்படுகிறது. கணிதம் ஒன்றே பாதி என்பதைக் கவனியுங்கள். இயற்பியலில் பட்டப்படிப்பு, புள்ளியியல், ஆராய்ச்சி ஆகியவற்றை விரும்பும் பிள்ளைக்கும் கணிதமே ஊன்றுகோல்.

இரண்டாவது, உயிரியல். மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம், செவிலியர் பட்டப்படிப்பு, இயன்முறை மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு உயிரியலோ, அதற்கு ஈடாகத் தாவரவியல், விலங்கியல் இரண்டுமோ வேண்டும். மருத்துவச் சேர்க்கைக்குரிய "நீட்" தேர்வு 2017 முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. கணிதம் அங்கே கேட்கப்படுவதே இல்லை. சென்னையில் 1989 இல் அமைந்த கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமோ, தமிழ்நாட்டு மாணவர்க்குரிய இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே பார்க்கிறது.

மூன்றாவது, இரு சாராருக்கும் பொதுவான கதவு. மருந்தாளுநர் படிப்புக்கு இயற்பியல், வேதியியலோடு கணிதம் அல்லது உயிரியல், இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

நான்காவது, எந்தப் பிரிவு எடுத்தாலும் அடைபடாத கதவுகள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, வரலாறு, பொருளியல், இலக்கியம், இதழியல், பட்டயக் கணக்காளர் தேர்வு, ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் எழுதும் அரசுப் பணித் தேர்வுகள் எல்லாம் இவ்வகையின. அறிவியல் படித்த பிள்ளை இவற்றுக்குச் செல்லலாம். ஆனால் வணிகப் பிரிவில் படித்த பிள்ளை பின்னர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ திரும்புவது எளிதன்று.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடலாம். "கணினிப் பொறியியல் படிக்க வேண்டுமானால் பள்ளியில் கணினி அறிவியல் எடுத்தே தீர வேண்டும்" என்று பல குடும்பங்களில் நம்புகிறார்கள். அது மெய்யன்று. பொறியியற் சேர்க்கையில் கணினி அறிவியல் மதிப்பெண் எண்ணப்படுவதே இல்லை. உயிரியல் எடுத்த மாணவியும் கணினிப் பொறியியலில் சேரலாம். இதை அறியாமல், உயிரியலில் உள்ளம் பற்றிய பிள்ளைகளைக் கணினிப் பிரிவுக்குத் திருப்பியவர்கள் உண்டு.

"பாதுகாப்புக்காக" என்னும் சொல்

அப்படியானால் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதற் பிரிவே எல்லாருக்கும் ஏற்றதன்றோ என்று கேட்கலாம். இரண்டையும் விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு அது நல்லதே. இன்னும் மனம் தெளியாத, ஆனால் உழைக்க அஞ்சாத பிள்ளைக்கும் அது தக்கதே. ஆனால் அந்தப் பாதுகாப்பு விலையின்றிக் கிடைப்பதில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணிதம் பத்தாம் வகுப்புக் கணிதத்தின் தொடர்ச்சியாகத் தோன்றினாலும், படியேற்றம் செங்குத்தானது. கணக்கென்றால் நடுங்கும் பிள்ளை, மருத்துவமே தன் இலக்கு என்றிருக்கையில், தேவைப்படாத கணிதத்தோடு நாள்தோறும் மல்லாடினால், உயிரியலுக்குக் கொடுக்கவேண்டிய பொழுது அங்கே கரைகிறது. இறுதியில் இரண்டு கதவுகளின் முன்னும் அரை மதிப்பெண்ணோடு நிற்க நேர்கிறது. திறந்து கிடக்கும் கதவு வேறு. அதன் வழியே நடந்து செல்லும் வலிமை வேறு.

அதுபோலவே, மதிப்பெண் சற்றுக் குறைந்ததென்று அறிவியலையே விலக்கிவிடுவதும் பொருந்தாது. பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே தாள். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கும் அந்த ஒன்றனுள் அடங்கியிருக்கின்றன. ஆகவே 72 என்று ஒரு மதிப்பெண் வந்தால், அது எதில் குறைந்தது, எதில் நிறைந்தது என்பதை அந்த எண் சொல்லாது. உயிரியற் பகுதியைச் சிறப்பாக எழுதிவிட்டு இயற்பியற் கணக்குகளை விட்டுவிட்ட மாணவியும் 72 பெறலாம். அதற்கு நேர்மாறான மாணவனும் 72 பெறலாம். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்துமா?

பிள்ளையை அறிவது எவ்வாறு?

இதற்கு எளிய வழியொன்று உண்டு. கோடை விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களை அண்டை வீட்டு மாணவரிடம் இரவல் வாங்குங்கள்; அரசு பாடநூல்களைக் கணினி வழியாக விலையின்றியும் பெறலாம். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தைப் பிள்ளை ஒரு வாரம் தானே படிக்கட்டும். பின்னர் மாலையில் தாயிடமோ பாட்டியிடமோ அதனை விளக்கிச் சொல்லட்டும். கேட்பவருக்கு அப்பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பாடத்தைச் சொல்லும்போது கண் ஒளிர்கிறது, எதை முடித்துத் தள்ளுவோம் என்று பதறுகிறது, எந்தக் கணக்கில் தோற்றபின்னும் மறுபடி உட்காருகிறது என்பதைத் தாயுள்ளம் கண்டுகொள்ளும். தோற்றபின்னும் திரும்பி உட்காரும் பாடமே அப்பிள்ளையின் பாடம்.

இரண்டாவதாக, பத்தாம் வகுப்பு ஆசிரியர்களைத் தனித்தனியே கண்டு பேசுங்கள். "என் மகனுக்கு எது வரும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "வகுப்பில் எதைப் பற்றி அவன் கேள்வி கேட்கிறான்?" என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

மூன்றாவதாக, நம் பங்கிலேயே செவிலியர் இருக்கிறார். மின்வாரியத்தில் பணிபுரியும் பொறியாளர் இருக்கிறார். மருந்துக் கடை நடத்துபவர், ஆய்வகப் பணியாளர், வேளாண் அலுவலர், கல்லூரி ஆசிரியர் இருக்கிறார்கள். ஞாயிறு காலையில் கோவில் முற்றத்தில் அவர்களிடம் அரைமணி நேரம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். "உங்கள் வேலையில் ஒருநாள் எப்படிக் கழிகிறது?" என்று பிள்ளையே கேட்கட்டும். இரவுப் பணி, நோயாளியின் அருவருப்பான காயம், வெயிலில் களப்பணி எல்லாவற்றையும் கேட்டபின்னும் விருப்பம் நிலைத்தால், அது வெறும் கனவன்று.

வீட்டில் பேசும் முறையும் முக்கியம். "கணக்கு எனக்கு வரும் அப்பா, மனப்பாடம் செய்வதுதான் வராது" என்று மகள் சொன்னால், "அதெல்லாம் பழகிவிடும்" என்று வாயடைப்பது எளிது. "உயிரியல் முழுவதும் மனப்பாடம் என்று ஏன் நினைக்கிறாய் அம்மா? எந்தப் பாடம் அப்படித் தோன்றியது, காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான தயக்கமா, ஓராண்டு ஒரு தாளில் பட்ட அடியா என்பது அப்போது வெளிப்படும்.

வழி மாறியும் வாழ்ந்தவர்கள்

ஒரே முடிவில் வாழ்வு முழுதும் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. கும்பகோணத்தில் 1925 இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் தந்தை அறுவை மருத்துவர். மகனும் மருத்துவராவான் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. திருவனந்தபுரத்தில் விலங்கியல் பயின்ற அவ்விளைஞரின் உள்ளத்தை 1943 ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் உலுக்கியது. மருத்துவத்தை விட்டுக் கோவை வேளாண்மைக் கல்லூரிக்குச் சென்றார். 1960 களில் இந்தியாவின் கோதுமை விளைச்சல் பெருக அவர் ஆற்றிய பணியை நாடறியும். 2023 இல் மறைந்த அவருக்கு 2024 இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியற் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் 1976 இல் இயற்பியலிலேயே முனைவரானார். அதன்பின் உயிரியலே தம்மை ஈர்க்கிறதென்று உணர்ந்து, மறுபடியும் மாணவராய் அமர்ந்து உயிரியல் கற்றார். உயிரணுவில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009 இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரானார். இயற்பியல், உயிரியல், வேதியியல் என்று நாம் தனித்தனிக் குரூப்புகளாகப் பிரிக்கும் மூன்றும் ஒருவர் வாழ்விலே கூடின.

பெரியோர் கதை எல்லாப் பிள்ளைக்கும் அளவுகோலாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும், பதினைந்து வயது முடிவு தவறிப்போனால் வாழ்வே தவறிப்போகும் என்று பிள்ளையை மிரட்டுவது உண்மைக்கு மாறானது. பதினொன்றாம் வகுப்பின் தொடக்க வாரங்களிலேயே பிரிவு பொருந்தவில்லை என்று தெரிந்தால், தலைமையாசிரியரிடம் சென்று மாற்றம் கேட்பதில் வெட்கமில்லை. ஓராண்டு மௌனமாகத் தவித்தபின் கேட்பதைவிட அது மேலானது.

மகள்களின் பங்கு

"பெண்தானே, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதில் சேரட்டும், மகனுக்கு மட்டும் டவுன் பள்ளி" என்னும் பேச்சு இன்னும் முற்றும் மறையவில்லை. 1897 இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931 இல் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கோவையிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் ஆற்றிய ஆய்வு புகழ்பெற்றது. பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த காலத்தில் அவருக்குத் தாவரவியல் கிடைத்தது. இன்று நம் மகளுக்கு, பிரிவு இல்லாத பள்ளி என்னும் ஒரே காரணத்தால் அது கிடைக்காமற் போகலாமா?

பணமும் கடனும்

முடிவெடுக்கும் முன் செலவையும் பிள்ளையிடம் மறைக்காமல் பேசுங்கள். நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்துக்குக் கட்டுவதைப் பிள்ளை எப்படியும் அறிந்துகொள்ளும். அறிந்தபின் அந்தக் கடனின் சுமை புத்தகத்தின் மேல் வந்து அமரும். ஓராண்டில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதைத் தேர்வுக்கு முன்பே, அமைதியான நாளொன்றில், குடும்பமாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தோல்விக்குப் பிறகும் வீட்டில் தனக்கு இடமுண்டு, வழியுமுண்டு என்று பிள்ளை உறுதியாக அறிந்திருத்தல் எந்தப் பயிற்சி மையத்தைவிடவும் பெரிய பாதுகாப்பு. சோர்ந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

பள்ளி மாற்றும் முன் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020 இல் இயற்றப்பட்டது. 2021 இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்பது அதன் பொது விதி. அரசுப் பள்ளியில் பத்து வரை படித்த பிள்ளையை மேல்நிலைக்குத் தனியார் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றினால் அவ்வுரிமை போய்விடும். அதனை எண்ணிப் பார்த்தபின் மாற்றுங்கள்.

உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் உதவி வழங்க, அரசுப் பள்ளி மாணவியருக்காகப் "புதுமைப் பெண்" திட்டம் 2022 இல் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியருக்கும் அது 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது; மாணவருக்கெனத் "தமிழ்ப் புதல்வன்" திட்டமும் 2024 இல் வந்தது. விண்ணப்பிக்கும் முறையைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டறியலாம்.

மேல்நிலை வகுப்பு ஒன்றே வழியன்று. கையால் செய்து கற்பதில் நாட்டமுள்ள பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம்; அதன்பின் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியிருக்கிறது. ஐ.டி.ஐ. பயிற்சி பெற்ற பொருத்துநருக்கும் மின்பணியாளருக்கும் வேலையுண்டு, மதிப்புமுண்டு. இவற்றை "படிக்காத பிள்ளைக்கு" என்று வீட்டில் இழிவாகப் பேசாதிருப்போம்.

எங்கே சேர்த்தாலும் பணம் கட்டுமுன் ஏற்புரிமையைக் கேளுங்கள். செவிலியர் கல்லூரியென்றால் செவிலியர் குழுமத்தின் ஏற்பு, மருந்தியல் என்றால் மருந்தியல் குழுமத்தின் ஏற்பு, பொறியியலென்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஏற்பு இருக்கிறதா என்று எழுத்தில் காணுங்கள். ஏற்பில்லாத இடத்தில் பெற்ற சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கே உதவும்.

இறுதியாக

அன்புப் பெற்றோரே, நம் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட தாலந்து நம்முடைய நிறைவேறாத ஆசையை ஈடுசெய்வதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. எந்தப் பாடம் எங்கே அழைத்துச் செல்லும் என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்வது நம் கடமை. வீட்டின் வசதி எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்வதும் நம் கடமை. அதன்பின் விண்ணப்பத் தாளில் பிரிவின் பெயரைப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். தானே எழுதிய பெயருக்காக உழைக்கும் உழைப்பு வேறு. பிறர் எழுதிக் கொடுத்த பெயருக்காக உழைக்கும் உழைப்பு வேறு. இரண்டாண்டு முழுதும் அதிகாலையில் எழுந்து விளக்கேற்றிப் படிக்கப் போவது அப்பிள்ளைதான்.